அடுக்குக் கட்டில் போடலாமா? முதலில் விசிறியைப் பாருங்கள்

கேள்வி: நான் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் முதலாம் ஆண்டு மாணவன். அறை 10 அடிக்கு 12 அடி. இரண்டு பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஓர் இரும்புக் கட்டில், ஒரு மேசை, ஓர் அலமாரி. நீளச் சுவர்களை ஒட்டி எதிரெதிராகக் கட்டில் போட்டிருக்கிறோம். என் அலமாரிக்கு வேறு இடமில்லாமல் ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறது. பாதி ஜன்னல் மறைந்துபோச்சு. கதவைத் திறந்தால் என் மேசையில் இடிக்கிறது. ரூம்மேட், “கட்டிலை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிவிடலாம், நான் மேலே படுத்துக்கொள்கிறேன், நடுவில் நிறைய இடம் கிடைக்கும்” என்கிறான். கட்டில் கால்களில் அப்படி மாட்டுவதற்கான வசதி இருக்கிறது. அவன் ஆறடிக்கு மேல் உயரம். இரவு 1 மணி வரை லேப்டாப்பில் படிப்பான். நான் பத்தரைக்குப் படுத்து, ஓட்டப் பயிற்சிக்காக 5 மணிக்கு எழுகிறவன். அவன் போடும் வெளிச்சத்தில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அடுக்குக் கட்டில் நல்ல யோசனையா? வேண்டாம் என்றால் அவன் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது? அளவுகளோடு ஒரு படம் வரைந்து இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, படம் வரைந்து அளவு போட்டு அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. இப்படிக் கேட்பவர்களில் பாதிப்பேர் “அறை ரொம்பச் சின்னது சார்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எவ்வளவு சின்னது என்று தெரியாமல் நான் என்ன சொல்ல முடியும்?

உங்கள் படத்தில் அறையின் நட்டநடுவில் ஒரு வட்டம் போட்டு, “விசிறி, 48 அங்குலம்” என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அந்த வட்டத்திலேயே இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். அறையின் அகலம் 10 அடி. விசிறியின் நடுப்புள்ளியிலிருந்து சுவர் 5 அடி தூரம். 48 அங்குல விசிறி சுற்றும்போது நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் 2 அடி போகும். ஆக இறக்கையின் நுனிக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது 3 அடி. உங்கள் கட்டிலின் அகலம் எவ்வளவு? அதே 3 அடி. நீளச் சுவரை ஒட்டி அடுக்குக் கட்டிலை நிறுத்தினால் கட்டில் ஓரம் முடியும் கோட்டில்தான் இறக்கை சுற்றிக்கொண்டிருக்கும்.

உயரத்தையும் பாருங்கள். கூரை 9 அடி. விசிறி ஓர் அடி இறங்கித் தொங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். இறக்கைகள் 8 அடி உயரத்தில். அடுக்குக் கட்டிலில் மேல் மெத்தையின் மேற்பரப்பு சுமார் ஐந்தரை அடியில் வரும். ஆறடி ஆள் சம்மணமிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தால், உட்காரும் இடத்திலிருந்து உச்சந்தலை வரை ஏறக்குறைய 3 அடி. கூட்டினால் எட்டரை. அதாவது உங்கள் ரூம்மேட் தூக்கக் கலக்கத்தில் எழுந்து உட்காரும்போது அவர் முகம் இறக்கைக்கு நேராக இருக்கும். சட்டையைத் தலைவழியாகக் கழற்றக் கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

“கட்டிலை மூலைக்குத் தள்ளிவிட்டால்?” என்பீர்கள். தள்ளினாலும் கட்டில் நீளம் ஆறேகால் அடி. விசிறி இருப்பது 6 அடி தூரத்தில். கால்மாட்டுக்குப் பக்கத்திலேயே சுற்றும். ஜன்னல் சுவரை ஒட்டிக் குறுக்காகப் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. கட்டில் ஓரத்துக்கும் இறக்கை நுனிக்கும் ஓர் அடி இடைவெளி கிடைக்கும். ஓர் அடி என்பது போர்வையை உதறும் தூரம்கூட இல்லை.

ஆகவே இந்த அறையில், இந்த விசிறி இருக்கும்வரை, அடுக்குக் கட்டில் கூடாது. கட்டிலை உயர்த்திக் கீழே மேசை போடுகிற அமைப்பும் இதே காரணத்தால் ஆகாது. விடுதி நிர்வாகம் கூரை விசிறியை எடுத்துவிட்டுச் சுவரில் மாட்டும் விசிறி தரச் சம்மதித்தால் அப்போது மறுபடி பேசலாம்.

சரி, விசிறியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது அடுக்குக் கட்டிலுக்குச் சரி சொல்வேனா? உங்கள் இருவரின் பழக்கத்தைப் பார்த்தால் அப்போதும் யோசிப்பேன். இது கொஞ்சம் சொந்தக் கதை.

நான் படித்தபோது ஒரு வருடம் மேல் கட்டிலில் இருந்தேன். முதல் வாரம் ராஜா மாதிரி இருந்தது. யாரும் தொந்தரவு செய்ய முடியாது, எல்லோரையும் மேலிருந்து பார்க்கலாம். அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அறையின் சூடெல்லாம் மேலேதான் வந்து தேங்கும். தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் இறங்க வேண்டும். மெத்தை விரிப்பை மாற்றுவது ஒரு சர்க்கஸ்: எந்த மூலையைச் செருக வேண்டுமோ அந்த மூலையிலேயே நாம் மண்டியிட்டு உட்கார்ந்திருப்போம். ஒருமுறை காய்ச்சல் வந்தது. இரவில் நாலைந்து தடவை அந்த ஏணியில் இறங்கி ஏறினேன். ஏணியின் இரண்டாவது படி கொஞ்சம் ஆடும், அது இன்றைக்கும் என் உள்ளங்காலுக்கு ஞாபகம் இருக்கிறது.

கீழே படுத்திருந்தவர் பாடு வேறு விதம். அவர் கட்டில்தான் அந்த அறைக்குத் திண்ணை. வருகிறவர் போகிறவர் எல்லோரும் அதில்தான் உட்காருவார்கள். பத்து மணிக்குத் தூக்கம் வந்தாலும் கால்மாட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். எழுந்து போங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. நான் மேலே புரண்டால் அவருக்கு விழிப்பு வந்துவிடும். சீக்கிரம் படுக்கிற உங்களுக்குக் கீழ்க் கட்டிலைக் கொடுப்பதாக ரூம்மேட் சொல்வது பெருந்தன்மைதான், ஆனால் அதில் கஷ்டம் உங்களுக்குத்தான் அதிகம்.

அடுக்குக் கட்டிலால் இடம் மிச்சமாவது பொய்யில்லை. 3 அடிக்கு ஆறேகால் அடி என்றால் 19 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. 120 சதுர அடி அறையில் அது கணிசம்தான். ஆனால் அப்படிக் கிடைத்த நடு இடத்தை நான் பிறகு போய்ப் பார்த்த அறைகளில் பெரும்பாலும் பெட்டிகளும் துணி உலர்த்தும் கொடியும்தான் பிடித்திருந்தன. இருவர் இருக்கும் அறையில் ஒருவருக்கு முழுக்கச் சொந்தமான இடம் எது? அவர் கட்டிலும், எழுந்ததும் கால் ஊன்றும் அந்த ஓரமும்தான். அதை விட்டுக்கொடுத்து நடு அறையைப் பெரிதாக்குவதற்குப் பலமான காரணம் வேண்டும். மூன்று நான்கு பேர் நெருக்கியடிக்கும் அறை என்றால் அந்தக் காரணம் உண்டு, உங்களுக்கு இல்லை.

உங்கள் உண்மையான சிக்கல் கட்டில்கள் இடத்தை அடைப்பது கிடையாது. அவை எதிரெதிராக இருப்பதால் மற்ற சாமான்களுக்குச் சுவர் போதவில்லை. கதவருகிலிருந்து பார்த்தால் இடப்பக்கச் சுவரில் உங்கள் கட்டில் ஆறேகால், மேசை மூன்றரை, சேர்த்து ஒன்பதே முக்கால் அடி. கதவு உள்பக்கமாகத் திறந்து அதே சுவரில் வந்து சாய 3 அடி வேண்டும். 12 அடிச் சுவரில் இது எப்படி அடங்கும்? முக்கால் அடி இடிக்கத்தான் செய்யும். அலமாரி வேறு வழியில்லாமல் ஜன்னலுக்குப் போய்விட்டது.

இதற்கு நான் சொல்வது ‘ட’ வடிவம். கதவருகே நின்று ஜன்னலைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கட்டிலை ஜன்னலுக்குக் கீழே, எதிர்ச் சுவரை ஒட்டிக் குறுக்காகப் போடுங்கள். இடது மூலையில் தொடங்கட்டும். ரூம்மேட்டின் கட்டில் வலப்பக்க நீளச் சுவரை ஒட்டி, ஜன்னல் மூலையிலிருந்து கதவுப் பக்கம் வரட்டும். 10 அடிச் சுவரில் உங்கள் கட்டில் நீளம் ஆறேகால், அவர் கட்டில் அகலம் மூன்று. ஒன்பதேகால் போக 9 அங்குலம் இடைவெளி விழும். அதை அடைக்காதீர்கள். விரிப்பைச் செருக அந்தச் சந்து வேண்டும்.

இனி இடப்பக்கச் சுவர். உங்கள் கட்டில் அகலம் 3 அடி, அடுத்து உங்கள் மேசை மூன்றரை, அடுத்து அலமாரி 2, கதவுக்கு 3. மொத்தம் பதினொன்றரை. எல்லாம் அடங்கி அரை அடி மிச்சம். மேசையின் ஓரம் உங்கள் தலைமாட்டை ஒட்டி வரும். இரவில் போன், தண்ணீர் பாட்டில், மூக்குக்கண்ணாடி வைக்க அதுவே போதும், தனியாக ஸ்டூல் தேவையில்லை.

வலப்பக்கச் சுவரில் வரிசை முக்கியம். ரூம்மேட்டின் கட்டில், பிறகு அவர் அலமாரி, பிறகு கதவுப் பக்கம் அவர் மேசை. கட்டிலுக்குப் பக்கத்தில் மேசை, ஓரத்தில் அலமாரி என்றுதான் எல்லோருக்கும் கை போகும். மாற்றிப் போடுங்கள். ஆளுயர அலமாரி 2 அடி முன்னுக்கு நீட்டிக்கொண்டு நடுவில் நின்றால், அவர் மேசை விளக்கு உங்கள் முகத்துக்கு வரும் வழியை அது பெரும்பாலும் மறைத்துவிடும். விளக்கை மேசையில் அலமாரி இருக்கும் பக்கமாக, தாழ்வாக வைக்கச் சொல்லுங்கள். லேப்டாப் திரையையும் அந்தப் பக்கமாக ஒதுக்கி வைத்தால் நல்லது. ஆறேகால், இரண்டு, மூன்றரை, மொத்தம் பதினொன்றே முக்கால்; மூன்று அங்குலம் மிச்சம், நெருக்கம்தான், ஆனால் அடங்கும்.

இந்த அமைப்பில் இன்னொரு லாபம். உங்கள் மேசை ஜன்னல் பக்கம், அவர் மேசை கதவுப் பக்கம் என்று சற்றுத் தள்ளித் தள்ளி வருவதால் இரண்டு நாற்காலிகளும் முதுகோடு முதுகு இடிக்காது. நீங்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்து எழுந்தாலும் அவர் கட்டிலுக்கு முன் 2 அடி நடைபாதை இருக்கும். ஒருவர் நடந்துபோக அது போதும்.

இதில் பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் விஷயம் தலைமாடு. ‘ட’ வடிவத்தில் கட்டில்கள் சேரும் முனையில் இருவரும் தலை வைத்தால், இரண்டு தலைகளுக்கும் நடுவே 3 அடிதான். ஒருவர் போனைத் திறந்தால் மற்றவர் முகத்தில் வெளிச்சம். ஒருவர் இருமினால் மற்றவருக்கும் சளி. நீங்கள் இடது மூலையில் தலை வைத்துப் படுங்கள். அவர் ஜன்னலுக்குக் கால் நீட்டி, தலையை அலமாரிப் பக்கம் வைக்கட்டும். இப்போது தலைக்கும் தலைக்கும் 8 அடி. 10 அடி அகல அறையில் இதைவிடத் தள்ளி வைக்க வழி குறைவு.

ஜன்னலடிக் கட்டில் உங்களுக்கு என்று நான் சொன்னதற்குக் காரணம் ஓட்டப் பயிற்சி. விடிகிற வெளிச்சம் முதலில் அந்தக் கட்டிலில்தான் விழும். ஐந்து மணிக்கே எழுந்துபோகும் உங்களுக்கு அதனால் தொந்தரவில்லை, ஒரு மணிக்குப் படுத்தவருக்கு அது தண்டனை. சாரல் அடிக்கும் ஜன்னல் என்றால் கட்டிலைச் சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளிப் போடுங்கள். இடப்பக்கக் கணக்கில் அதற்கும் இடமிருக்கிறது.

பிளக் பாயின்ட் எங்கே என்று படத்தில் இல்லை. நகர்த்துவதற்கு முன் பார்த்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரைக் கட்டில் காலுக்கு அடியிலோ மெத்தைக்கு அடியிலோ கொண்டுபோகவே கூடாது. நசுங்கிச் சூடேறும், தீப்பிடிக்க அது போதும். சுவரோரமாகத்தான் போக வேண்டும்.

இப்போது உங்களைப் பற்றி ஒன்று சொல்லட்டுமா? கடிதம் முழுக்க அவர் வெளிச்சம் பற்றி இருக்கிறது. உங்கள் 5 மணி அலாரம் பற்றி ஒன்றுமே இல்லை. ஒரு மணிக்குப் படுத்தவருக்கு ஐந்து மணி என்பது நடுநிசி. அலாரம் அடித்து, அதை அணைத்து, பத்து நிமிடத்தில் மறுபடி அடித்து, அப்புறம் நீங்கள் டியூப் லைட்டைப் போட்டு அலமாரியைத் திறந்து ஷூ தேடுவதை அவர் எத்தனை நாள் போர்வைக்குள்ளிருந்து கேட்டாரோ! பயிற்சித் துணியையும் ஷூவையும் இரவே நாற்காலியில் எடுத்து வையுங்கள். அலாரத்தை அதிரும் நிலையில் வைத்துத் தலையணைக்குக் கீழே தள்ளுங்கள். பெரிய விளக்கு வேண்டாம், மேசை விளக்கு போதும். இதை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், “ராத்திரி உன் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறாயா?” என்று கேட்பது சுலபமாகிவிடும்.

அவர் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். “வேண்டாம்” என்று நீங்கள் சொல்லாதீர்கள், விசிறி சொல்லட்டும். சுவிட்சை அணையுங்கள். இறக்கை நின்ற பிறகு அவரையே நாற்காலியில் ஏறி, ஓர் இறக்கையை நீளச் சுவருக்கு நேராகத் திருப்பி, சாவி கட்டிய ஒரு நூலை அதன் நுனியில் பிடிக்கச் சொல்லுங்கள். சாவி தொங்குகிற இடத்துக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். சுவரிலிருந்து 3 அடி அளந்து கட்டில் ஓரத்தையும் கோடாகப் போடுங்கள். புள்ளி கோட்டின் மேலேயே விழும். உயரமாக இருப்பவர் அவர்தான்; உங்களைவிட அவருக்கு அது உடனே உறைக்கும். அதே சாக்பீஸால் நான் சொன்ன ‘ட’ வடிவத்தையும் தரையில் வரைந்துவிடுங்கள். வரைந்த பின் விளக்கை அணைத்துவிட்டு, அவரவர் கட்டில் இருக்கப்போகும் இடத்திலிருந்து கதவு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே முட்டிக்கொள்வீர்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் இரண்டு வாரத்தில் பழையபடி மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லி வையுங்கள். அப்படிச் சொன்னால் யாரும் சட்டென்று ஒத்துக்கொள்வார்கள், பிறகு மாற்றச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். என் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது அப்படித்தான்.

அறையில் விசிறி இடையூறு இல்லாமல், ஏற்கெனவே அடுக்குக் கட்டிலில் இருக்கும் மாணவர்களும் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்குச் சுருக்கமாக: மேல் கட்டிலின் பக்கத் தடுப்பு, மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 5 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அடுக்குக் கட்டிலுக்கான பாதுகாப்பு விதி கேட்பது இந்த அளவுதான். வசதிக்காகத் தடிமனான மெத்தையை வாங்கிப் போட்டால் தடுப்பின் உயரம் தானாகக் குறைந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறோம். மேலே மெல்லிய மெத்தைதான் சரி. இரண்டு கட்டிலையும் இணைக்கும் முளை (pin) நான்கு கால்களிலும் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கட்டில் கிறீச்சிட ஆரம்பித்தால் நட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே முடுக்குங்கள்.

தம்பி, கடைசியாக நகர்த்தும் வேலை. வார்டனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில விடுதிகளில் சாமான் இடம் மாற அனுமதி வேண்டும். இப்போது இருக்கிற நிலையில் அறையை நாலு பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள், வருடக் கடைசியில் தரையில் கீறல், சுவரில் அழுக்கு என்று பேச்சு வந்தால் காட்டலாம். கட்டிலை இழுக்காமல் ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூக்குங்கள். இழுத்தால் தரையும் கெடும், கால் மூட்டும் ஆட்டம் காணும். முதலில் ஜன்னல் முன்னால் நிற்கும் உங்கள் அலமாரியைக் காலி செய்து, தற்காலிகமாக வராந்தாவில் நிறுத்துங்கள். அது வெளியே போனால்தான் கட்டிலைத் திருப்ப இடம் கிடைக்கும்.